திரும்பி வரக் கப்பல் இல்லை

ஆஸ்திரேலியா என்றதும் பலருக்கும் கங்காருவும் கிரிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் வெள்ளையர்கள் அங்கே குடியேறத் தொடங்கியதே கைதிகளை வைத்துத்தான். 1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் அரசு அனுப்பிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். அதில் ஏறக்குறைய 25,000 பேர் பெண்கள்.

இவர்கள் என்ன பெரிய கொலைகாரிகளா? இல்லை. பெரும்பாலானவர்கள் செய்தது சின்னச் சின்னத் திருட்டு. அதற்குக் கிடைத்தது ஏழு வருட நாடு கடத்தல்.

அங்கே போனதும் வீட்டு வேலை. வேலைக்கு எடுக்கப்படாதவர்கள், கர்ப்பிணிகள், மறுபடி தவறு செய்தவர்கள் எல்லோரும் பாராமட்டா போன்ற ஊர்களில் இருந்த பெண்கள் தொழிற்கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அது பாதி சிறை, பாதி ஆலை. 1827ல் உணவைக் குறைத்ததும் பாராமட்டா பெண்கள் கதவை உடைத்து வெளியேறி, ரொட்டிக் கடைகளுக்குள் புகுந்துவிட்டார்கள்!

சரி, ஏழு வருடம் முடிந்தால் விடுதலைதானே? விடுதலைதான். ஆனால் ஊர் திரும்ப அரசு கப்பல் கட்டணம் தராது. ஆண்கள் மாலுமியாக வேலை செய்துகொண்டே ஊர் போய்ச் சேரலாம். பெண்ணை யார் மாலுமியாகச் சேர்ப்பார்கள்? ஆக, ஏட்டில் ஏழு வருடம், நடைமுறையில் ஆயுள் தண்டனை.

திரும்பிப் போன இருவரின் கதை இதைப் புரிய வைக்கும்.

ஒருவர் மேரி பிரையன்ட். 1791ல் கணவர், இரண்டு குழந்தைகள், ஏழு கைதிகளோடு ஆளுநரின் படகைத் திருடித் தப்பினார். 69 நாள் கடலில் போய்த் திமோர் தீவை அடைந்தார். அங்கே பிடிபட்டார். இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் கணவரும் இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டார்கள். 1793ல் மன்னிப்பு கிடைத்தபோது அவர் தனி ஆள்.

இன்னொருவர் மேரி ரெய்பி. குதிரை திருடியதாக 13 வயதில் தண்டனை பெற்று, 1792ல் சிட்னி வந்தவர். 1811ல் கணவர் இறந்ததும், ஏழு பிள்ளைகளோடு கப்பல் வணிகத்தைத் தானே நடத்திப் பணக்காரர் ஆனார். 1820ல் மகள்களோடு இங்கிலாந்து போய்ப் பார்த்துவிட்டு, சிட்னிக்கே திரும்பினார். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருப்பது இவர் முகம்தான்.

ஒருவர் குடும்பத்தையே விலையாகக் கொடுத்தார். மற்றவர் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தார். இரண்டும் முடியாத பெண்கள்தான் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் முகம் எந்த நோட்டிலும் இல்லை.