திண்டுக்கல் கிராமங்கள் உலகத்துக்குச் சொன்ன கணக்கு

திண்டுக்கல் என்றதும் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று வரிசையாகச் சொல்வீர்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கே அது அவ்வளவாகத் தெரியாது. பி.காம். படிக்கும் எனக்கு மருத்துவம் தெரியாதுதான். ஆனால் இதில் கணக்கும் இருப்பதால் துணிந்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தா புற்றுநோயைப் பெயர் சொல்லமாட்டார். "அந்த நோய்" என்பார், அதுவும் மெதுவாக. அதிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் கேட்கவே வேண்டாம். வெட்கத்திலேயே முற்றிவிடும் நோய் அது.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை இருக்கிறது. 1990-களின் நடுவில் அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவ மையம் கிராமத்துப் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்துப் பதிவேடு எழுத ஆரம்பித்தது. பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய்.

பணக்கார நாடுகள் பாப் ஸ்மியர் பரிசோதனையால் இந்த நோயைக் குறைத்திருந்தன. அதற்கு ஆய்வகம் வேண்டும், நிபுணர் வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போகிற பெண் மறுபடி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. இலவசப் பரிசோதனை என்றாலும் ஏழைக்கு அது இலவசம் இல்லை!

அதனால் எளிய வழி ஒன்றைச் சோதித்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், மாற்றமடைந்த இடம் சற்று நேரத்தில் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். தேவைப்பட்டால் அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கலாம்.

2000-ல் ஆய்வு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் தலைமை வகித்தார். நம் மாவட்டத்தில் 114 பகுதிகளைப் பிரித்து, 57-ல் 30 முதல் 59 வயதுப் பெண்களை அழைத்தார்கள். மற்ற 57-ல் வழக்கமான வசதி மட்டும். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள்.

முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. அழைக்கப்பட்ட பகுதிகளில் நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைவு. குறைந்த செலவில் உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு நம் கிராமத்துப் பெண்களே சாட்சி!

ஆனால் மனதை உறுத்தும் விஷயமும் உண்டு. அழைக்கப்படாத 57 பகுதிகளில் 92 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். பரிசோதனை பலன் தரும் என்று உலகம் அறிந்திருந்தபோது ஒரு பாதியை அப்படியே விட்டது நியாயமா என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. அப்படிப் பிரிக்காவிட்டால் நம்பகமான ஆதாரம் கிடைத்திருக்காது என்று ஆய்வாளர்கள் சொல்லலாம். எனக்கு அந்தப் பதில் முழுதாகத் திருப்தி தரவில்லை. அந்த 92 பேரின் பெயரில் நமக்கு ஒரு கடன் இருக்கிறது.

கடன் கொஞ்சம் அடைந்தும் இருக்கிறது. 2007-ல் தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகப் பரிசோதனை தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. இன்று இன்னும் துல்லியமான எச்.பி.வி. பரிசோதனையும் தடுப்பூசியும் வந்துவிட்டன. 2030-க்குள் 70 சதவீதப் பெண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

இப்போது என் கணக்கு. ஆள் வைத்து அழைத்தே நூற்றுக்கு 64 பேர்தான் வந்தார்கள். மீதி 36 பேரை எந்தக் கருவியும் அழைத்துவராது. பக்கத்து வீட்டு அக்காவோ, சுய உதவிக் குழுவோ, வீட்டுப் பிள்ளையோதான் அழைத்துவர முடியும்.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், "பரிசோதனை செய்துகிட்டீங்களா?" என்று. நான் கேட்டேன். இல்லை என்றார். வரும் வாரம் கூட்டிக்கொண்டு போகிறேன்.