கன்றுவீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்): கம்பளை, கண்டிப் பகுதி

புரூசெல்லா என்னும் பற்றீரியாவால் மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றுக்கு வந்து, அவற்றிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய். சினைப்பசு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, பெரும்பாலும் ஏழாம் எட்டாம் மாதத்தில், கன்றை வீசிவிடும். இளங்கொடி விழாமல் தங்கும். காளைக்கு விதை வீங்கும். சிலவற்றுக்கு முழங்காலில் நீர்க்கட்டி தோன்றும். மனிதருக்கு ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, மாதக்கணக்கில் நீளும் சோர்வு ஆகியன ஏற்படும். இலங்கையில் இந்நோயைப் பற்றி அறியப்பட்டவற்றில் பெரும்பகுதி, கம்பளையிலிருந்து மகாவலி ஓடும் திசையில் இறங்கினால் வரும் பேராதனையின் ஆய்வுக்கூடங்களிலிருந்து கிடைத்ததாகும்.

வரலாறு

நோய் முதலில் மனிதரிடம் கண்டறியப்பட்டது. மத்தியதரைக் கடலின் மால்ட்டாத் தீவில் தங்கியிருந்த பிரித்தானியப் படையினர் நெடுநாள் காய்ச்சலால் துன்புற்றனர். 1887 இல் படை மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் பதினெட்டு ஆண்டுகள் தெரியாமலிருந்தது. காற்று, சாக்கடை, கொசு என்று பலவும் ஐயுறப்பட்டன. 1905 இல் மால்ட்டா மருத்துவர் தெமிஸ்டொக்கிளிஸ் சமிட், பார்வைக்கு நலமாயிருந்த ஆடுகளின் குருதியில் அக்கிருமியைக் கண்டார். அன்று ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து பால் கறந்து கொடுப்பது அத்தீவின் வழக்கம். அதே ஆண்டில் மால்ட்டாவிலிருந்து ஆடுகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச்சென்ற கப்பலில், பச்சைப்பால் குடித்த மாலுமிகள் நோயுற்றதும் சமிட்டின் முடிவுக்கு வலுச்சேர்த்தது. 1906 இல் படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டதும் பாசறைகளில் காய்ச்சல் வேகமாகத் தணிந்தது. தீவின் குடிமக்களோ அதே பாலைக் குடித்துப் பல பதிற்றாண்டுகள் நோயுற்றே வந்தனர். கிருமிக்குப் புரூசின் பெயர் நிலைத்துவிட்டது. நோயைத் தடுக்கும் வழியைத் திறந்தவர் சமிட்தான்.

டென்மார்க்கில் 1897 இல் பேர்னார்ட் பாங், பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். இதுவும் மால்ட்டாக் கிருமியும் நெருங்கிய உறவின என்று அமெரிக்காவின் அலிஸ் எவன்ஸ் 1918 இல் எழுதியபோது, ஆய்வாளர் பலர் நம்ப மறுத்தனர். பின்னர் அவருக்கே இந்நோய் தொற்றி ஆண்டுக்கணக்கில் வாட்டியது.

வகைப்பாடு

ஆடுகளில் மெலிட்டென்சிஸ், மாடுகளில் அபோர்ட்டஸ், பன்றிகளில் சுயிஸ், செம்மறிக் கடாக்களில் ஓவிஸ், நாய்களில் கேனிஸ், அமெரிக்கப் பாலைவன எலிகளில் நியோடோமே என ஆறு இனங்கள் நெடுங்காலம் வழங்கின. 1994 இலிருந்து கடற்பாலூட்டிகளிடமும் இக்கிருமிகள் கண்டறியப்பட்டு இனங்களின் பட்டியல் நீண்டது. இவற்றின் மரபணுக்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால் எல்லாம் ஒரே இனமே என 1985 இல் முன்மொழியப்பட்டது. 2003 இல் பழைய பிரிப்புக்கே திரும்பினர். எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை உடனே காட்டுவதால் பழைய பிரிப்பே பொருத்தமானது. மனிதரை மிகக் கடுமையாகத் தாக்குவது மெலிட்டென்சிஸ். இலங்கை மாடு, எருமைகளில் கருதவேண்டியது அபோர்ட்டஸ்.

பரவல்

கன்று வீசிய பசுவின் கருப்பை நீர், இளங்கொடி, இறந்த கன்று ஆகியவற்றில் கிருமி அளவற்றிருக்கும். அவை பட்ட புல்லை மேயும் பசுவுக்கு நோய் தொற்றுகிறது. கிருமி வெயிலில் விரைவில் மடியும். குளிர்ந்த, ஈர நிழலில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். இதன்படி நோய் மலைநாட்டில் மிகுந்தும் வரண்ட வலயத்தில் குறைந்தும் இருக்கவேண்டும். நிலைமை நேர்மாறானது. மட்டக்களப்பு, பொலன்னறுவை போன்ற பகுதிகளில் நூற்றுக்கணக்கான மாடுகள் கொண்ட பட்டிகள் பொது மேய்ச்சல் நிலத்தில் கலந்து மேய்கின்றன. பொதுக் காளைகள் சேர்கின்றன. கம்பளை, புசல்லாவை, நாவலப்பிட்டித் தோட்டங்களில் லயத்தின் பின்புறக் கொட்டிலில் ஓரிரண்டு பசுக்கள் கட்டிநிற்கும். வெட்டிவந்த புல்லைத் தின்னும். பெரும்பாலும் ஊசி மூலமே சினையாகும். காலநிலையைக் காட்டிலும் வளர்ப்பு முறையே நோயைத் தீர்மானிக்கிறது. வரண்ட வலயத்திலிருந்து விசாரிக்காமல் வாங்கி வரும் சினைப்பசுவே இப்பகுதிக்குப் பெரிய ஆபத்து.

கண்டறிதல்

கன்று வீசும் பசு எல்லாம் இந்நோய் கொண்டதன்று. வேறு தொற்றுகளாலும் சினை கலையும். ரோஸ் பெங்கால் சோதனையில், நீர்ப்பாயத் துளியுடன் சாயமேற்றிய கிருமித் துளியைக் கலந்து நான்கு நிமிடம் அசைத்தால், பிறபொருளெதிரி உள்ளபோது திரளும். பால் வளையச் சோதனை சேகரிப்பு நிலையங்களுக்கு ஏற்றது: ஒரு வாளிப் பாலில் பல மாடுகளை ஒன்றாகச் சோதிக்கலாம். நோய் இருந்தால் மேலே மிதக்கும் ஆடை நிறமேறி வளையமாகும். சீம்பாலும் மடிநோய்ப் பாலும் இதில் பொய்யாக வளையம் காட்டும். கிருமியை வளர்த்தறிவதே முடிவான சான்று. ஆய்வுக்கூடத்தாருக்கு அதுவே மிக ஆபத்தான வேலையும் ஆகும்.

தடுப்பும் கட்டுப்பாடும்

மாட்டுக்கு மருந்து கொடுத்துக் குணமாக்குவது வழக்கமில்லை. நோயுற்றவற்றைக் கண்டறிந்து கொன்று இழப்பீடு தரும் முறையால் அவுஸ்திரேலியா மாடுகளில் இதை ஒழித்தது. ஒற்றைப் பசுவையே நம்பிய தோட்டக் குடும்பங்கள் வாழும், மாட்டைக் கொல்லத் தயங்கும் சமூகங்களில் அது நடவாது, தடுப்பூசியே வழி. அமெரிக்காவில் 1923 இல் ஜோன் பக் பிரித்தெடுத்து, அறைவெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்து வீரியம் இழந்த கிருமியே எஸ் 19 தடுப்பூசி. இதை நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒரு முறை போட்டால் போதும். காளைக்கன்றுக்கும் சினைப்பசுவுக்கும் போடலாகாது. ஊசி தவறி வைத்தியரின் கையில் ஏறினால் அவருக்கே நோய் வரலாம். இந்தியா 2019 செப்டெம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்நோய்க்கான பகுதியிலும் கிடேரிக் கன்றுகளுக்கான தடுப்பூசியே மையம்.

இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் தமிழர் வழக்கம், அது நாய் வாய்க்குப் போகாமல் தடுக்கிறது. ஆயினும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதே பாதுகாப்பானது. வெறுங்கையால் கன்றையோ கொடியையோ இழுக்கலாகாது.

மனிதரில்

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இப்பகுதி மக்களைப் பெரிதும் காக்கிறது. பாலை 72 பாகை செல்சியசில் 15 விநாடி வைத்தாலே கிருமி மடியும். எனவே இங்கு ஆபத்து பால் குடிப்பவரைவிடக் கன்று ஈன உதவுபவர், இறைச்சி வெட்டுபவர், மிருக வைத்தியர் ஆகியோருக்கே மிகுதி. நீண்ட காய்ச்சலுக்கு டெங்கு, எலிக்காய்ச்சல் சோதனைகள் முடிந்தும் காரணம் தெரியாதபோது, வீட்டில் மாடு உண்டா என்ற கேள்வி வைத்தியருக்கு உதவும். டொக்சிசைக்கிளினும் ரிபாம்பிசினும் ஆறு வாரம் தரப்படும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

இன்றைய நிலை

இலங்கையில் விலங்கு நோய்களுக்கான சட்டம் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டமாகும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் பேராதனை கெட்டம்பேயிலும், அதன் கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையிலும் உள்ளன. பிரதேச மட்டத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன.