பொருநைக் குளங்களும் நீர்ப்பறவைக் கணக்கும்

சாத்தான்குளம், கூந்தன்குளம் எனக் குளத்தை ஈறாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள் நெல்லைச் சீமையிற் பல. உழவின்பொருட்டு மக்கள் அகழ்ந்த இக்குளங்களை நீர்ப்பறவைகள் நாடி வருதல் தொன்றுதொட்ட நிகழ்ச்சியாகும். ஆயின், அவற்றை முறையாக எண்ணி எழுதும் வழக்கம் பிற்காலத்தது. அவ்வழக்கத்தின் வரலாற்றுப் பயன் யாதென ஈண்டு ஆராய்வோம்.

புறநானூற்று 67-ஆம் பாட்டில், குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னச்சேவலைப் பிசிராந்தையார் விளிக்கின்றார். இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து இன்றும் கூந்தன்குளத்திற்கு வருகின்றது. இவ்விரண்டும் ஒரே பறவையெனத் துணிதற்கில்லை. எனினும், வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பறவைச் செலவைப் பண்டையோர் அறிந்திருந்தனர் என்பது தெளிவு. ஆனால் எத்தனை வந்தன, எந்த ஆண்டில் வாராது ஒழிந்தன என்பவற்றைப் பாட்டிற் காண்டல் இயலாது. அது பாட்டின் பணியும் அன்று.

உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967-இல் தோன்றியது. இந்தியத் துணைக்கண்டத்தில் அது 1987-இல் தொடங்கிற்று. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்போ, மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முதலியவற்றின் முயற்சியால் 2011-இல் தொடங்கியது. வலசை வந்த பறவைகள் நிலைகொண்டிருக்கும் சனவரித் திங்களில், தன்னார்வலர் பல குழுவினராய்ப் பிரிந்து குளந்தோறும் சென்று எண்ணுகின்றனர். சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுவர்; பெருங்கூட்டமாயின், ஒரு பகுதியை எண்ணி, அதனை அளவாகக் கொண்டு முழுமையை மதிப்பிடுவர்.

பல குளங்களையும் அடுத்தடுத்த நாள்களில் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. தேரிக்காட்டை அடுத்த சாத்தான்குளத்து வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்ப்பின் குளங்கள் வறளும். பறவைகள் நீருள்ள பிற குளங்களுக்குப் பெயரும். ஆகவே ஒரு குளத்தின் ஓராண்டுக் கணக்கைக் கொண்டு பறவையினம் அருகிற்று எனல் பொருந்தாது. ஒரு சுவடியை மட்டும் கொண்டு பாடம் துணிதல் கூடாமை போல்வதே இதுவும். பல குளங்களின் பல்லாண்டுக் கணக்குகளை ஒப்பிட்ட பின்னரே இடப்பெயர்ச்சி எது, அழிவு எது என வேறுபடுத்தல் கூடும்.

எனவே, வறண்ட குளத்திற்கு எதிரே எழுதப்படும் சுழியமும் வரலாற்றுச் சான்றேயாம். அதனோடு நீர்நிலையின் தன்மையும் குறிக்கப்படின், பறவை வாராமைக்கு மழையின்மை காரணமா, ஆக்கிரமிப்புக் காரணமா என ஆராய வழி பிறக்கும். இலக்கியம் பறவையின் வரவைப் போற்றிக் காத்தது. கணக்கு அதன் வாராமையையும் பதிவு செய்கின்றது. அப்பதிவு இல்லையேல் ஒரு குளம் பறவையை இழந்ததை அடுத்த தலைமுறை அறியாது. அறியாத இழப்பை மீட்க முயல்வாரும் இரார். குளம் தூர்ந்த பின்னும் அதன் பெயர் ஊர்ப்பெயரில் நிற்கும். பறவைக்கோ அத்தகைய நிலைபேறும் இல்லை.