ஏறாவூர்ப் பணிக்கரும் கடல் கடந்த யானைகளும்

மட்டக்களப்பு வாவியை அண்டியுள்ள ஏறாவூர், யானை பிடிக்கும் பணிக்கர்களாற் பெயர் பெற்ற ஊராகும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் ரெனன்ற், முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கர்களின் துணிவை வியந்து எழுதியுள்ளார். மரை அல்லது எருமைத் தோலாற் செய்த கயிறொன்றே அவர்தம் கருவி. அதனைக் கொண்டு காட்டு யானையின் பின்னே ஓசையின்றிச் சென்று, அதன் பின்னங்காலிற் சுருக்கிட்டுப் பிணிப்பர். படுவான்கரையிலுள்ள ஆனைகட்டியவெளி என்னும் ஊர்ப் பெயர் இத்தொழிலின் நினைவை நம் செவிகளில் இன்றும் ஒலிக்கச் செய்கின்றது.

பிடிபட்ட யானைகளுட் பல தம் காட்டை மீண்டுங் கண்டதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் அவை ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் கொண்டு செல்லப்பட்டு, இந்திய வணிகர்க்கு விற்கப்பட்டன. ஐரோப்பாவுக்குச் சென்றவையும் உண்டு. 1630 அளவில் இலங்கையிற் பிறந்த ஹான்ஸ்கன் என்னும் பெண்யானை 1633 இல் ஒல்லாந்தை அடைந்தது. 1637 இல் ஓவியர் ரெம்பிராண்ட் அதனை வரைந்தார். ஊரூராக வித்தை காட்டிய அவ்யானை 1655 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இறந்தது. அதன் எலும்புக்கூடு அந்நகரிலேயே பேணப்படுகின்றது. இவ்யானைகளுக்கு யாரேனும் விடை கூறினரா என்பதை வரலாறு பதியவில்லை. விலையையும் எண்ணிக்கையையுமே வணிகக் கணக்குகள் பேணின.

சுதந்திரத்தின் பின் யானை வணிகப் பொருள் என்னும் நிலையினின்று நட்பின் அடையாளமாக மாறியது. 1976 இல் இலங்கைச் சிறுவர்களின் பரிசாகச் சாந்தி என்னும் குட்டி வாஷிங்டன் தேசிய விலங்கியற் பூங்காவுக்குச் சென்றது. அங்கு 2020 வரை அது வாழ்ந்தது. 1972 இல் சீனா அன்பளித்த பண்டாக்கள் இரண்டையும் வரவேற்றது அதே பூங்காவே. பின்னர், 1984 அளவிலிருந்து, சீனா பண்டாக்களை அன்பளிக்காது இரவலாகவே வழங்கலாயிற்று. இரவல் எனின் திருப்பிக் கேட்கும் உரிமை எஞ்சியிருக்கும். 2023 நவம்பரில் அப்பூங்காவின் மூன்று பண்டாக்கள் சீனாவுக்குப் புறப்பட்டபோது, மக்கள் பலர் திரண்டு பிரியாவிடை அளித்தனர்.

அன்பளிப்போ அவ்வாறன்று, கொடுத்தவர் கேட்கும் உரிமையை இழக்கின்றார். 1985 இல் இலங்கை பாகிஸ்தானுக்கு வழங்கிய காவன் இஸ்லாமாபாத் பூங்காவில் வாழ்ந்தது. அதன் துணையான சகேலி 2012 இல் இறந்தபின், எட்டு ஆண்டுகள் தனிமையில் வாடியது. 2020 இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதனை விடுவிக்குமாறு ஆணையிட்டது. நவம்பரில் இசையுடனும் அலங்காரங்களுடனும் பிரியாவிடை நிகழ்ந்தது. அதன்பின் அது கம்போடியாவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டது. பல்லாண்டு காலம் அதனைக் கண்டு மகிழ்ந்தோர் அன்று பிரிவுக்கு வருந்தினர். 

முத்துராஜாவின் கதை இதற்கு மறுதலை. 2001 இல் தாய்லாந்து இலங்கைக்கு வழங்கிய இவ்யானை கோவிலொன்றின் பொறுப்பில் வளர்ந்தது. முன்னங்காலிற் காயமுற்று நலிந்த அதனை 2022 இல் தெகிவளைப் பூங்காவுக்கு மாற்றிச் சிகிச்சையளித்தனர். 2023 ஜூலை 2 ஆந் திகதி அது தாய்லாந்துக்கு விமானமேறியது. இலங்கைப் பிரதமர் தாய்லாந்து மன்னரிடம் வருத்தந் தெரிவித்தார். அன்பளிப்பையும் திரும்பக் கேட்கலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. கொடுத்தவரின் உரிமையன்று, விலங்கின் நலனே அதற்கு நியாயமாயிற்று.

இவ்வரலாற்றின் தொடக்கத்திற் பணிக்கரின் தோற்கயிறும் முடிவில் விமானத்திலேறிய கூண்டும் காணப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில் மாறியது, யானையை நோக்கும் மனிதனின் பார்வையே. எனினும் மாற்றம் முழுமையானதன்று. பூங்கா யானைக்கு விழியில் நீர் மல்க விடைகொடுக்கும் இதே நாட்டில், படுவான்கரை உழவன் தன் வயலைக் காக்க இரவெல்லாம் விழித்திருக்கின்றான்; காட்டை இழந்த யானையோ அவ்வயலையே நாடி வருகின்றது. இவ்விருவருக்கும் இடமளிக்கும் வழி காணப்படாதவரை, பெயரற்ற அவ்யானைகள் விடைபெறாமலே மறைந்துகொண்டிருக்கும்.