கிட்டம் நீங்கிய இரும்பு

செங்கல்பட்டு வட்டாரத்துச் சானூரில் 1950-களின் தொடக்கத்தில் அகழப்பட்ட பெருங்கற்கால ஈமச் சின்னங்களில் கிடைத்த இரும்புக் கருவிகளும், பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்துக் கடும்பாறையைக் குடைந்த உளிகளும், கிட்டத்தை இரும்பிலிருந்து பிரிக்கும் அறிவின்றி உருவாகியிருக்க இயலாது. தாதுவிலுள்ள மணற்சத்து, இரும்பின் ஒரு பகுதியோடு சேர்ந்து கண்ணாடிபோல் உருகும் கசடே கிட்டம் எனப்படுகிறது. சித்த மருத்துவர் மண்டூரம் என்று மருந்தாக்குவதும் இதனையே.

பழைய களிமண் உலையில் நிகழ்ந்த பிரிப்பு, இன்றைய ஆலையின் முறைக்கு நேர்மாறானது. தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியசு வேண்டும். கரி உலையின் சூடு அதனை எட்டாமையால், ஏறத்தாழ 1,200 பாகையிலேயே இளகும் கிட்டம் அடித்துளை வழியே வெளியே ஓட, இரும்பு உருகாமல் கடற்பஞ்சு போன்ற கட்டியாக உள்ளே தங்கியது. அதன் துளைகளில் ஒளிந்த எஞ்சிய கிட்டத்தைக் கொல்லர், கட்டியைச் செம்மையாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தடித்தே பிதுக்கி வெளியேற்றினர். அடி குறைந்தால் கிட்டம் இழையிழையாக உள்ளே நின்று, கருவி அவ்விழை நெடுகப் பிளக்கும். ஆதலால் கொல்லரின் தோள்வலிமையே உலோகத்தின் தரத்தைத் தீர்மானித்தது எனலாம்.

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தறியப்பட்ட மூசை உலைகள் அடுத்த படியைக் காட்டுகின்றன. மூடிய மண்குகையான மூசைக்குள் கரிச்சத்தை ஏற்ற இரும்பு குறைந்த சூட்டிலேயே நீராக உருகியதால், எடை குறைந்த கிட்டம் தானே மேலே மிதந்து உறைந்தது. உருக்கு அடியில் தங்கியது. 1830-களில் பரங்கிப்பேட்டையில் யோசையா மார்ஷல் ஹீத் நடத்திய ஊதுலையிலும் இவ்வெடை வேறுபாடே பயன்பட்டது.