அலறலும் இசைதான்

மாக்ஸ் ரோச்சின் ‘வீ இன்சிஸ்ட்’ என்னும் ஜாஸ் இசைத்தட்டு 1960இல் வந்தது. அட்டையிலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது: உணவக மேசை முன்னால் மூன்று கறுப்பர்கள் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள், எதிரே வெள்ளைக்கார சர்வர். அதே வருடம் பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் கறுப்பு மாணவர்கள் நால்வர், வெள்ளையருக்கென ஒதுக்கிய மேசையில் உட்கார்ந்து எழ மறுத்திருந்தனர்.

தட்டின் ஒரு பகுதியில் ஆபி லிங்கன் சொல்லே இல்லாமல் அலறுகிறார். கூட ரோச்சின் டிரம் மட்டும். ‘இதெல்லாம் ஒரு பாட்டா?’ன்னு கேட்கலாம். நம்ம பறையை வெறும் சத்தம்னு ஒதுக்கின காதும் அப்படித்தான் கேட்டது. எனக்கு அந்த அலறல் ஒரு சாட்சியம்.

கோல்ட்ரேன் அலறவில்லை. 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்புச் சிறுமிகள் பலியானார்கள். இரண்டே மாதத்தில் அவர் ‘அலபாமா’வைப் பதிவு செய்தார். இழவு வீட்டில் பேசுற மாதிரி சாக்ஸபோன் தணிந்து பேசுகிறது.

பாப் மார்லியின் ‘சர்வைவல்’ (1979) ரெகே. கேட்டா உடம்பு தானா ஆடும். ஆனா அட்டையில், தலைப்பெழுத்துக்குப் பின்னால், அடிமைக் கப்பலில் மனிதர்களை அடுக்கிய வரைபடம். ஆடிக்கிட்டே அதையும் பார்க்கணும்.

அரசியலை வெளியே வச்சிட்டு இசையை ரசின்னு சொல்றவங்க, இந்தத் தட்டுகளில் எதைத்தான் கேட்பார்கள்?