மாப்பிசையும் பழைய பொறி

1908ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்துப் பொறியியலாளர் ஹேர்பேட் ஜோன்ஸ்டன், பாண் சுடுபவர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாப்பிசைந்து வருந்துவதைக் கண்டார் என்பர். அக்காட்சியிற் பிறந்த பொறி, முதலில் வெதுப்பகங்களுக்குச் சென்று, 1919இல் ‘கிச்சன்எயிட்’ என்னும் பெயரோடு வீட்டுச் சமையலறைக்கு வந்தது. நிறையோ ஏறக்குறைய 65 றாத்தல்! மெலிந்த புதுவடிவை 1937இல் எக்மொண்ட் அறென்ஸ் அமைத்தார்.

பல்லாண்டு கண்ட இப்பொறிகளை இன்றும் திருத்தி ஓட்டுகின்றனர். நெடுநாள் சும்மா நின்ற பொறி கிண்ணத்துள் எண்ணெய் சொட்டினால், மோட்டாரே கெட்டதென எண்ணி எறிந்துவிடுவோர் உளர். வீண் அச்சம்! உள்ளிருக்கும் கிறீஸ் பிரிந்து வடிகின்றது, அவ்வளவே. பழையதை முற்றாக வழித்தெடுத்து, உணவுப்பொறிகளுக்குரிய புதுக்கிறீசை இடுதல் வேண்டும். மோட்டார் சுழன்றும் துடுப்பு அசையாதாயின், பற்சில்லைப் பார்க்கவேண்டும். பல மாதிரிகளில், சுமை மிகும்போது தான் தேய்ந்து மோட்டாரைக் காக்குமாறு அமைந்த சில்லு அது. அதனை மட்டும் மாற்றினாற் போதும்.